31, 43, 77: மூன்றில் எதை வாங்குவது?

தங்கை மகன் சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவையை முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சேர்த்து வைத்த பணத்தில் முதல் வேலையாக ஒரு பழைய பென்டாக்ஸ் கே-1 கேமரா வாங்கிவிட்டான். கூடவே வந்தது ஒரு சாதாரண ஜூம் லென்ஸ். சென்ற ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான்: "மாமா, லிமிடெட்ல ஒண்ணுதான் வாங்க முடியும். 31-ஆ, 43-ஆ, 77-ஆ?"

லிமிடெட் என்பது பென்டாக்ஸின் ஒரு லென்ஸ் வரிசை. அந்த எண்கள் மில்லிமீட்டரில் குவியத்தூரம்: எண் கூடக்கூடக் கோணம் குறுகும், தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும். சாப்பாட்டு மேசையில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? மூன்றையும் பல வருடமாக வைத்துப் படம் எடுத்துவருகிறேன். இடையில் பணமுடை வந்து இரண்டை விற்று, மனம் கேட்காமல் மறுபடி வாங்கினேன். அவனுக்கென்று எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இந்த எண்களைப் பார்த்ததும் யாருக்கும் ஒரு கேள்வி வரும். மற்ற கம்பெனிகள் எல்லாம் 35, 50, 85 என்று லென்ஸ் செய்யும்போது இவர்கள் மட்டும் ஏன் 31, 43, 77? 43-க்குப் பதில் சுலபம், அது வெறும் கணக்கு. ஃபிலிமின் ஒரு சட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அதன் மூலைவிட்டத்தை அளந்தால் 43.27 மி.மீ. மூலைவிட்டத்துக்குச் சமமான குவியத்தூரம் உள்ள லென்ஸைத்தான் 'நார்மல்' என்று பாடத்தில் சொல்கிறார்கள். 50 என்பது வழக்கத்தில் நிலைத்துப்போன எண். இலக்கணப்படி பார்த்தால் 43தான் சரி. 1997-ல் அதைத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். 1999-ல் 77, 2001-ல் 31. ஃபிலிம் காலத்தின் கடைசி வருடங்களில் பிறந்த மூன்று லென்ஸ்கள் இன்றும் புதிதாகக் கடையில் கிடைக்கின்றன. 2021-ல் கண்ணாடிகளின் அமைப்பை மாற்றாமல், மேல்பூச்சையும் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வடிவத்தையும் புதுப்பித்து 'எச்டி' என்ற பெயரில் மறுபடி வெளியிட்டார்கள்.

பென்டாக்ஸ் இன்று சின்ன கம்பெனி. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1919-ல் அசாஹி ஆப்டிகல் என்ற பெயரில் தொடங்கியவர்கள், ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராவை 1952-ல் செய்தவர்கள். பிற்பாடு ஹோயா கைக்குப் போய், 2011-ல் ரிக்கோ கைக்கு மாறியது. எல்லாரும் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்ட பிறகும் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்து எடுக்கிற டிஎஸ்எல்ஆரை விடாமல் வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனால் ஐந்து பேரிடம் சோனியும் கேனனும் இருக்கும். பென்டாக்ஸ் என் கையில் மட்டும்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவராவது பக்கத்தில் வந்து, "அண்ணே, அந்த லென்ஸைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்பார்.

கையில் வாங்கினால் காரணம் புரிந்துவிடும். பிளாஸ்டிக் குழாய் இல்லை, அலுமினியத்தைக் கடைந்த உடம்பு. அப்பர்ச்சர் வளையத்தை விரலால் திருகினால் ஒவ்வொரு படியிலும் 'டிக்' என்று மென்மையாக நிற்கும். 43-ஐ உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். எடை, பழைய வடிவத்தில், 155 கிராம்தான். இதே கம்பெனி 2018-ல் வெளியிட்ட ஸ்டார் வரிசை 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் 910 கிராம். (எஃப் எண் குறையக்குறைய அப்பர்ச்சர் பெரிதாகத் திறக்கும்.) 85 மி.மீ. ஸ்டார் லென்ஸ் ஒன்றேகால் கிலோ. அதன் இடத்தில் நிற்கிற 77 லிமிடெட் 270 கிராம்.

அந்த எடை வித்தியாசத்தில்தான் இரண்டு வகை லென்ஸுக்கும் உள்ள கொள்கை வித்தியாசம் இருக்கிறது. ஸ்டார் 50-க்குள் 15 கண்ணாடிகள். ஓரம்வரை கூர்மை, நிறப்பிழை இல்லை, வளைவு இல்லை என்று ஒவ்வொரு குறையையும் தேடிப்பிடித்துத் தீர்த்திருக்கிறார்கள். 43-க்குள் இருப்பது 7 கண்ணாடிகள். லிமிடெட் வரிசையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஜுன் ஹிராகாவா. அளவுக் கருவி தரும் எண்களை மட்டும் நம்பாமல், படம் எடுத்துப் பார்த்து, அதில் ஆழமும் காற்றும் தெரிகிறதா என்று பார்த்துச் செய்த லென்ஸ்கள் இவை என்று கம்பெனியே சொல்கிறது. சில குறைகளைத் தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறார்கள். 43-ஐ முழுக்கத் திறந்து ஒரு செங்கல் சுவரை எடுத்தால் ஓரங்கள் சொதசொதவென்று இருக்கும். அதே திறப்பில் ஒரு மனிதரை எடுத்தால், அவர் படத்திலிருந்து ஓர் அங்குலம் முன்னால் வந்து நிற்பதுபோல் இருக்கும். சுவரை எடுப்பவர்கள் ஸ்டார் லென்ஸ் வாங்கட்டும். நான் மனிதர்களை எடுக்கிறேன்.

சரி, மூன்றில் எது? கூர்மை, பொக்கே (பின்னணி மங்கலின் அழகு) என்று ஆரம்பித்தால் முடிவே வராது. நான் வேறு கேள்வி கேட்பேன்: படம் எடுக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

நின்றுகொண்டிருக்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவை நெட்டுக்குப் பிடித்து எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கே-1 மாதிரி, சென்சார் ஃபிலிம் சட்டத்தின் அளவிலேயே இருக்கிற ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 31-க்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் போதும். 43-க்கு இரண்டு மீட்டர் சொச்சம். 77-க்குக் கிட்டத்தட்ட நான்கு மீட்டர். இதை அப்படியே நம் ஊரில் பொருத்திப் பாருங்கள். சிராங்கூன் சாலைக் கடைவீடுகளுக்கு முன்னால் இருக்கிற ஐந்தடி நடைபாதை, பெயரில் உள்ளபடி, ஒன்றரை மீட்டர். அங்கே பூக்கட்டுகிறவரை எடுக்க 31 சரியாக இருக்கும். 77-ஐ மாட்டினால் சாலையில் இறங்கி பேருந்துக்கு நடுவில் நிற்க வேண்டியதுதான். வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டின் கூடத்தில் சோபாவையும் சாமி மாடத்தையும் கழித்துவிட்டால் பின்னால் நகர இரண்டு, இரண்டரை மீட்டர் கிடைக்கும். அது 43-இன் தூரம். தைப்பூசத்தில் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று காவடி எடுப்பவரைப் பார்க்கிற தூரம் 77-உடையது.

இதே கணக்கு ஏபிஎஸ்-சி கேமராவில் அடியோடு மாறிவிடும். கே-3 மார்க் 3, கேஎஃப் போன்றவற்றில் சென்சார் சின்னது. அதில் 31 மாட்டினால் 47 மாதிரியும், 43 மாட்டினால் 65 மாதிரியும், 77 மாட்டினால் 116 மாதிரியும் தெரியும். ஆளை முழுசாக எடுக்க 31-க்கே இரண்டேகால் மீட்டருக்கு மேல் போக வேண்டும். 77-க்கு ஆறு மீட்டர்! வீட்டுக் கதவைத் திறந்து, தாழ்வாரத்தைத் தாண்டி, எதிர் புளோக்கிலிருந்து எடுப்பதுபோல ஆகிவிடும். அதனால் கையில் இருப்பது ஏபிஎஸ்-சி என்றால் என் பதில் ஒரே வரிதான்: 31 வாங்குங்கள், மற்ற இரண்டையும் பிறகு யோசியுங்கள். விலை அதிகம், உண்மைதான். 43-ஐப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் அந்த உடம்பில் நாள் முழுக்க மாட்டிவைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

31-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம். மூவரில் ஒழுங்கான பிள்ளை இது. முழுக்கத் திறந்தாலும் கூர்மை விட்டுப்போகாது. 30 சென்டிமீட்டர்வரை நெருங்கலாம் என்பதால் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்த இடத்திலிருந்தே இலையை எடுக்கலாம், எழுந்து நிற்க வேண்டாம். தேக்கா சந்தையில் மீன்கடைக்காரர், அவர் கையில் கத்தி, முன்னால் ஐஸ், பின்னால் தொங்கும் விளக்கு எல்லாம் ஒரே சட்டத்தில் வரும். குறை என்று சொன்னால், ஹூட் (வெளிச்சத்தை மறைக்கும் விளிம்பு) உடம்போடு சேர்ந்தே இருப்பதால், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டுச் சுழற்ற விரல் நுழையாது. அப்புறம் அந்த மூடி. உள்ளே வெல்வெட் மாதிரித் துணி ஒட்டி, சும்மா மேலே செருகுகிற மூடி. பையிலிருந்து எடுக்கும்போதே கழன்று விழும். நான் இரண்டு தொலைத்துவிட்டேன், ஒன்று எம்ஆர்டி தண்டவாளத்தில்.

77-ஐப் பற்றி எழுத எனக்கு அடக்கம் வேண்டும், ஏனென்றால் மூன்றில் என் மனதுக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு தைப்பூசத்து அதிகாலை. ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இன்னும் விடியவில்லை, தெருவிளக்கு மட்டும். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், கன்னத்தில் அலகு, தோளில் காவடி, ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். எஃப்/1.8-இல் ஒரே படம். வீட்டுக்கு வந்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணிமை ரோமம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து ஒரு கோடாக இறங்கியிருந்தது. காதுக்குப் போவதற்குள் கூர்மை மெல்லக் கரைய ஆரம்பித்து, பின்னால் நின்ற கூட்டமும் மயிற்பீலியும் விளக்கும் நீர் வண்ணத்தில் நனைத்த மாதிரி இருந்தன. அந்தக் 'கரைதல்'தான் 77. கூர்மையான இடத்துக்கும் மங்கலான இடத்துக்கும் நடுவில் வெட்டிய கோடு இருக்காது. கத்தரித்து ஒட்டியதுபோல் இல்லாமல், ஆள் அந்த இடத்திலேயே நிற்பார். அந்தப் படத்தை அவரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். அவர் மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

அதே நாள் காலை பத்து மணிக்கு அதே லென்ஸ் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் ஏறிவிட்டது. பால்குடத்தின் வெள்ளி விளிம்பிலும், அலகின் முனையிலும், வெள்ளை வேட்டியின் ஓரத்திலும் ஊதா நிறத்தில் ஒரு கோடு. முழுக்கத் திறந்து, பளீரென்ற பொருளுக்குப் பின்னால் இருட்டு இருந்தால் 77 இதைச் செய்யும். எஃப்/4-க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அது தெரிந்து வாங்குகிறவருக்குப் பிரச்சினை இல்லை. தெரியாமல் வாங்கி நண்பகல் வெயிலில் கல்யாணப் பந்தலை எடுக்கப் போகிறவர் மனம் நொந்துபோவார். தவிர, குறைந்தது 70 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கைக்குழந்தையின் விரலை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் இது ஆகாது.

இனி 43. மூவரில் மலிவு, மூவரில் சின்னது, மூவரில் அதிகம் திட்டு வாங்குவதும் இதுதான். பின்னணியில் இலைதழை நிறைய இருந்து, அதுவும் பாதித் தூரத்தில் இருந்தால், மங்கல் மென்மையாக இருக்காது. ஒவ்வோர் இலைக்கும் விளிம்பு கட்டி நடுங்கும். தாவரவியல் பூங்காவில் மணமக்களை இதை வைத்து எஃப்/1.9-இல் எடுத்தேன், படம் முழுக்கப் பின்னால் இருந்த செடிகள்தான் கண்ணைக் குத்தின. எஃப்/2.8-க்கு வந்தால் பாதி அடங்கும். எஃப்/5.6-இல் மூலைக்கு மூலை நன்றாக இருக்கும்.

ஆனால் 43-ஐ வெளியில் வைத்து எடைபோடக் கூடாது என்பது என் அனுபவம். அது வீட்டுக்குள் வாழ்கிற லென்ஸ். அம்மா அங் மோ கியோ வீட்டில் சமையலறைப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்குப் பூக்கட்டுவார். மடியில் மல்லிகை, இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவில் நூல், வாய் ஏதோ முணுமுணுக்கும். கூடத்திலிருந்து இரண்டு மீட்டரில் நின்றால் அம்மா, ஜன்னல் கம்பி, எதிர் புளோக்கின் துணி காயும் மூங்கில் கழி, தரையில் உதிர்ந்த இரண்டு மொட்டு, எல்லாம் கண் பார்த்த அளவிலேயே சட்டத்துக்குள் வந்துவிடும். 31-ஆக இருந்தால் ஃப்ரிட்ஜும் வந்துவிடும். 77-ஆக இருந்தால் முகமும் கையும் மட்டும் வரும், வீடு வராது. எனக்கு வீடும் வேண்டும். அந்த வீடு மறுமேம்பாட்டுக்குப் போய்விட்டால் அந்த ஜன்னல் இனி இல்லை. 43-இல் எடுத்த அந்தப் படத்தில் ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் கன்னத்தில் விழுந்து தாடைக்குக் கீழே நிழலாக மாறுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விலை உயர்ந்த லென்ஸ்களில் எடுத்த படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, திரும்பத் திரும்பப் பார்க்கிறது இந்த ஒன்றைத்தான்.

இன்னொன்று, சின்னதாக இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. பெரிய ஜூமை நீட்டினால் பெரியவர்கள் உடனே சேலையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்காருவார்கள். 43-ஐப் பார்த்துவிட்டு, "இதுல படம் விழுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

மூன்றுக்கும் பொதுவான சில சங்கடங்கள் இருக்கின்றன. ஃபோகஸ் மோட்டார் லென்ஸில் இல்லை, கேமராவில் இருக்கிறது. லென்ஸ் மாட்டுகிற மவுண்டிலிருந்து ஒரு சின்ன திருகாணி லென்ஸைச் சுழற்றும், 'கிர்ர்க்' என்று சத்தம் வரும். தாலி கட்டும்போது கெட்டிமேளம் இருப்பதால் கவலையில்லை. தேவாரம் பாடும்போது பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். காணொளி எடுப்பவர்களுக்கு இந்த லென்ஸ்கள் சரிப்படாது. கேமராவே கை நடுக்கத்தைச் சமாளித்துவிடும் என்பது மட்டும் பெரிய ஆறுதல். 1997-இன் லென்ஸுக்கும் அந்த வசதி கிடைக்கிறது.

அடுத்தது மழை. கே-1 உடம்பு நனையலாம், இந்த லென்ஸ்கள் நனையக் கூடாது. ரப்பர் வளையம் எதுவும் கிடையாது. நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தால் பத்து நிமிடத்தில் கொட்டும். மழையிலும் எடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு 2021-இல் வந்த 21 மி.மீ. எஃப்/2.4 லிமிடெட் இருக்கிறது, மழை தாங்கும். நல்ல லென்ஸ், ஆனால் அது அகலக் கோணம். அந்த மூவரின் குணத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

மழையைவிட மோசம் ஈரப்பதம். பழைய 77 ஒன்றை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். புளோக்கின் கீழ்த்தளத்தில், மாலை வெளிச்சத்தில் பார்த்தபோது பளபளவென்றுதான் இருந்தது. மூன்று வாரம் கழித்து வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள். பூஞ்சை. சுத்தம் செய்யக் கொடுத்ததில், மலிவாக வாங்கினேன் என்று நினைத்த பணம் அத்தனையும் போனது. அன்றிலிருந்து பையில் ஒரு டார்ச் இல்லாமல் லென்ஸ் பார்க்கப் போவதில்லை. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். வளையத்தை, அப்பர்ச்சரைக் கேமராவின் பொறுப்பில் விடுகிற 'ஏ' நிலைக்குக் கொண்டுபோய் அது பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கேமராவையே எடுத்துப்போய் மாட்டி, கிட்டே ஒன்று தூரத்தில் ஒன்று ஃபோகஸ் செய்து பார்க்க வேண்டும். வாங்கி வந்த பிறகு ட்ரை கேபினட்டில் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்க வேண்டும். இந்த ஊரில் ட்ரை கேபினட் இல்லாமல் இந்த விலையில் லென்ஸ் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் லென்ஸ் பாருங்கள்.

பழையதா, எச்டியா என்ற கேள்வியும் வரும். வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது எச்டி பூச்சு கறுப்பைக் கறுப்பாக வைத்திருக்கும். தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரத்தை எடுத்தால் வித்தியாசம் தெரியும். அப்பர்ச்சர் துளையும் வட்டமாக இருப்பதால் பின்னணி விளக்குகள் உருண்டையாக விழும். முன்கண்ணாடியில் விரல் ரேகை பட்டால் துடைக்கச் சுலபம். படத்தின் குணம் அதேதான். 31-ஐ வாங்கினால் எச்டியாக வாங்கலாம். 43-க்குப் பழையதே போதும் என்பேன், பூஞ்சை இல்லாமல் கிடைத்தால். ஜப்பானில் செய்ததா, வியட்நாமில் செய்ததா என்று பழைய லென்ஸ் விற்பவர்கள் தனி விலை வைக்கிறார்கள். அந்த வித்தியாசத்துக்கு நான் பத்து வெள்ளிகூடக் கூடுதலாகத் தரமாட்டேன். பெனின்சுலா பிளாசா, அதன் பக்கத்து பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் இரண்டிலும் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. நேரில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

இந்த மூன்றுக்கும் பணம் எட்டாது என்றால்? இந்த மூன்றும் சேர்ந்த அதே எஃப்ஏ குடும்பத்தில், லிமிடெட் அல்லாத 35 மி.மீ. எஃப்/2 இருக்கிறது. உடம்பு பிளாஸ்டிக்தான், படம் நேர்மையாக இருக்கும். ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர்களுக்கு டிஏ லிமிடெட் என்று இன்னொரு குடும்பம் உண்டு: 15, 21, 35 மேக்ரோ, 40, 70. அதில் 40-இன் தடிமன் 15 மில்லிமீட்டர், எடை 90 கிராம். பிஸ்கட் மாதிரி இருக்கும். இருட்டில் கொஞ்சம் திணறும், ஆனால் நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் தெரியாது. 21-ஐயும் 70-ஐயும் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டு ஒரு முழு ஊரைச் சுற்றிவிடலாம். 2023-இல் 50 மி.மீ. எஃப்/1.4-ஐ இரண்டு விதமாக வெளியிட்டார்கள். ஒன்று புதிய எச்டி பூச்சோடு. இன்னொன்று 'கிளாசிக்' என்ற பெயரில், விளக்கை நோக்கிப் பிடித்தால் வானவில் நிறத்தில் வளையம் விழும்படி வேண்டுமென்றே செய்தது. மற்றவர்கள் துரத்தித் துரத்திப் போக்குகிற ஒன்றை, விரும்புகிறவர்களுக்கு என்று தனியாகச் செய்து விற்க இந்தக் கம்பெனிக்குத்தான் மனம் வரும். எனக்கு அந்தக் கம்பெனியைப் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பென்டாக்ஸ் நாளைக்கே கேமரா செய்வதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்றும் தங்கை மகன் கேட்டான். நியாயமான பயம். கே மவுண்ட் 1975-இல் வந்தது. அன்றைய லென்ஸும் இன்றைய கே-1-இல் உட்காரும். எஃப்ஏ லிமிடெட் மூன்றிலும் அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருப்பதால், சாதாரண அடாப்டர் ஒன்று போட்டு எந்த மிரர்லெஸ் கேமராவிலும் மாட்டலாம். ஃபோகஸை மட்டும் கையால் திருக வேண்டும். டிஏ லிமிடெட்டில் அந்த வளையம் கிடையாது. வேறு கேமராவுக்குப் போனால் அப்பர்ச்சரை மாற்றத் தனி வசதி உள்ள அடாப்டர் தேட வேண்டும். நீண்ட காலத்துக்கு வாங்குகிறோம் என்றால் இந்த வித்தியாசம் முக்கியம். எஃப்ஏ மூன்றில் போட்ட பணம் வீணாகாது என்று தைரியமாகச் சொல்வேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன்டா. நீ வைத்திருப்பது கே-1. எடுக்கப்போவது வீட்டில் பாட்டியை, கோயிலில் அம்மாவை, கோப்பிக்கடையில் உன் கூட்டாளிகளை. இதில் எதற்கும் நான்கு மீட்டர் தேவையில்லை. நீ கூச்ச சுபாவக்காரன் என்பதால் உனக்கு 77 பிடிக்கும், தூரத்திலேயே நின்றுவிடலாம். அதனாலேயே இப்போது வேண்டாம் என்கிறேன். 43 இரண்டு மீட்டருக்குள் வரச் சொல்லும். அந்தத் தூரத்தில் நின்றால் பேசித்தான் ஆக வேண்டும், பெயர் கேட்டுத்தான் ஆக வேண்டும். 31 உன் கேமராவில் அருமையான லென்ஸ், ஆனால் உன் ஜூமே அந்த அகலத்தைத் தருகிறது. மிச்சமாகும் பணத்தில் ட்ரை கேபினட் வாங்கிவிடு. அடுத்த தைப்பூசத்துக்கு என் 77-ஐ எடுத்துப் போ, அன்று எனக்கு 43 போதும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அங் மோ கியோ வந்துவிடு. ஜன்னல் வெளிச்சம் பதினொரு மணிவரைதான் நன்றாக இருக்கும். பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பூ வாங்கி வைப்பார்.